முதலில் கூடு, அப்புறம் கோழி

கேள்வி: சிங்கப்பூரில் ஜாலான் காயு பக்கம் மாமனார், மாமியாரோடு தரைவீட்டில் இருக்கிறோம். பின்பக்கம் பன்னிரண்டடிக்கு இருபதடி மண் தரை உண்டு. முருங்கை, கறிவேப்பிலை, இரண்டு வாழை போக மீதி சும்மாதான் கிடக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்த அத்தைக்குக் கோழி வளர்க்க நெடுநாள் ஆசை. 2022இல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதிலிருந்து, "நம்ம வீட்டிலேயே நாலு கோழி இருந்தா இந்தக் கவலை உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் உறவினர் பத்துக் குஞ்சுகளைக் காரில் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். பிள்ளைகளுக்கு எட்டு வயது, நான்கு வயது. அவர்கள் இப்போதே பெயர் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அனுமதி வாங்க வேண்டுமா? எத்தனை வளர்க்கலாம்? செலவுக்குக் கட்டுமா? பக்கத்து வீட்டில் வயதான சீனத் தம்பதி இருக்கிறார்கள், அவர்கள் புகார் செய்வார்களா? யீஷூனில் வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி வீடு) இருக்கும் என் தம்பியும் இரண்டு கோழி கேட்கிறான்.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதல் வேலையாக ஜொகூர் உறவினருக்கு ஃபோன் போட்டு, குஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரிய அனுமதி இல்லாமல் உயிருள்ள பறவையைச் சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுவருவது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. குஞ்சுகளும் கைவிட்டுப் போகும். சட்டத்தை விடுங்கள், கால்நடை மருத்துவராக எனக்கு அதைவிடப் பெரிய பயம் நோய். பறவைக் காய்ச்சலும் வெள்ளைக்கழிச்சலும் இப்படிப்பட்ட அட்டைப்பெட்டிகளில்தான் ஊர் விட்டு ஊர் போகின்றன. இன்னொன்றும் இருக்கிறது. பத்துக் குஞ்சு வாங்கினால் அதில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் வளரும். நான்கைந்து சேவலை வைத்துக்கொண்டு ஜாலான் காயுவில் என்ன செய்யப்போகிறீர்கள்?

சரி, அனுமதி விஷயம். தரைவீட்டில் சொந்தத் தேவைக்காகப் பத்துக் கோழி வரை வளர்க்கலாம். வாத்தும் வான்கோழியும் இருந்தால் எல்லாம் சேர்த்துத்தான் பத்து. விற்பனைக்காக வளர்க்கக் கூடாது. முட்டையைத் தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுங்கள், காசு வாங்காதீர்கள். 2019 முதல் இதையெல்லாம் பார்த்துக்கொள்வது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்குநல மருத்துவச் சேவை. கூடு கட்டக் காசைக் கொட்டுவதற்கு முன் அவர்களுடைய இணையப்பக்கத்தில் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த விதிகளில் ஒன்றுதான் உங்கள் வீட்டில் வாக்குவாதத்தைக் கிளப்பும். கோழியை வெளிப்பறவைகள் நெருங்க முடியாத அடைப்புக்குள் வைத்திருக்க வேண்டும். உங்கள் அத்தை பார்த்து வளர்ந்த முறை வேறு. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கினால் கோழி தெருவெல்லாம் மேய்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் தானாக வந்து அடையும். இங்கேயும் கம்பத்து (கிராமத்து) வீடுகள் இருந்த காலத்தில் அப்படித்தான். கோழியைப் பற்றி அத்தைக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சரியாகவே இருக்கும், அவர் சொல்வதைக் கேளுங்கள். திறந்துவிடுவதை மட்டும் கேட்காதீர்கள். மைனாவும் புறாவும் தீவனத் தட்டில் வந்து உட்கார்ந்தால் எச்சமும் பேனும் கிருமியும் கூடவே வரும். வலசை வரும் பறவைகளின் பாதையில் இருக்கும் ஊர் இது. பறவைக் காய்ச்சலுக்கு அந்த ஒரு தொடர்பு போதும்.

ஆகவே கோழி வாங்குவதற்கு முன் கூட்டை முடித்துவிடுங்கள். பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். என்னிடம் சிகிச்சைக்கு வரும் வீட்டுக் கோழிகளில் பலவற்றின் கோளாறுக்குக் காரணம் கூட்டில்தான் இருக்கிறது.

நான்கு கோழிக்கு நாலடிக்கு நாலடி அறை ஒன்று, அதோடு ஒட்டினாற்போல் பத்தடிக்கு ஆறடி உலாவும் அடைப்பு. உங்கள் தரையில் இது தாராளமாக அடங்கும். வாழைக்கும் இடம் மிஞ்சும். அடைப்புக்குள் ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம் இருக்கட்டும். குனிந்து குனிந்து கூட்ட வேண்டியிருந்தால் ஒரே மாதத்தில் கூட்டுவதையே விட்டுவிடுவீர்கள். உள்ளே கோழி ஏறி உட்கார்ந்து தூங்க மரக்கிளை பருமனில் ஒரு கட்டை, கோழிக்கு ஒரு சாண் இடம் என்ற கணக்கில். முட்டையிட ஓரடிச் சதுரத்தில் இரண்டு பெட்டி போதும். எத்தனை பெட்டி வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்காகத்தான் வரிசையில் நிற்கும்.

கம்பிவலைக்கு வருவோம். கடையில் 'கோழிவலை' என்று கேட்டால் மெல்லிய அறுகோண வலையைச் சுருட்டிக் கொடுப்பார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், உள்ளே வருவதைத் தடுக்காது. நம் ஊர் வடிகால்களில் மலைப்பாம்பு சர்வசாதாரணம். எலியைத் தேடி வரும் பாம்புக்குக் கோழி வாசனை அடித்தால் விடாது. இளம் பாம்பு ஒன்று ஓர் அங்குல இடுக்கில் தலையை நுழைத்து, உடம்பை மெல்ல இழுத்து உள்ளே வந்துவிடும். கோழியை விழுங்கியபின் வயிறு பெருத்து, வந்த வழியே திரும்ப முடியாமல் முட்டைப் பெட்டியிலேயே சுருண்டு படுத்திருக்கும். காலையில் முட்டை எடுக்கக் கையை விடுவது உங்கள் எட்டு வயதுப் பிள்ளையாக இருக்கலாம். அதனால் அரை அங்குலக் கண்ணுள்ள, கம்பிகளைப் பற்றவைத்த வலைதான் வேண்டும். பக்கம் மட்டும் போதாது, கூரைக்கும் வேண்டும். மரச்சட்டத்தோடு சேரும் இடத்தில் ஆணி வேண்டாம், திருகாணியும் வளையமும் போட்டு இறுக்குங்கள். கதவு மூடியபின் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். விரல் போனால் அந்த இடுக்கை அடைத்துவிடுங்கள்.

கீழேயும் கவனம் வேண்டும். உடும்பும் எலியும் தோண்டும். வலையை அடியில் ஓரடிக்கு வெளிப்பக்கமாக மடக்கித் தரையோடு பதித்து, மேலே கல்லோ மண்ணோ போட்டுவிட்டால், சுவரோரம் தோண்ட ஆரம்பிக்கும் பிராணி கம்பியில் முட்டித் திரும்பிவிடும். மரநாய், பூனை, காகம் எல்லாவற்றுக்கும் இதே வலைதான் பதில். மலைப்பாம்பு தட்டுப்பட்டால் நீங்களாக அடிக்கவோ பிடிக்கவோ போகாமல் தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது வெயில். இந்தியக் கிராமத்துக் கோழி வெயில் தாங்காதா என்று அத்தை கேட்பார். அந்தக் கோழி புளியமர நிழலுக்கு ஓடிவிடும், உங்கள் கோழி அடைப்புக்குள் நிற்கும். கோழிக்கு வியர்க்காது. சூடு தாங்கவில்லை என்றால் அலகைத் திறந்து மூச்சிரைக்கும், சிறகை உடம்பிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்படி மணிக்கணக்காக இரைத்தால் இரத்தத்தின் காரத்தன்மை ஏறி, முட்டை ஓட்டுக்குப் போக வேண்டிய சுண்ணாம்பு குறைந்துவிடும். தொட்டாலே உடையும் மெல்லிய ஓடு தொடர்ந்து வந்தால், தீவனத்தைச் சந்தேகப்படுவதற்கு முன் மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டுக்குள் போய் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உங்களுக்கே தாங்காது என்றால் கோழிக்கும் தாங்காது.

வெறும் தகரக் கூரை வேண்டாம். தகரம்தான் என்றால் அடியில் வெப்பம் தடுக்கும் அட்டை ஒட்டுங்கள். கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் குறுகிய பக்கத்தில்தான் விழும். உங்கள் முருங்கை நிழல் கிடைத்தால் விடாதீர்கள். நான்கு பக்கமும் காற்று வரட்டும், ஆனால் கூரை இரண்டடியாவது வெளியே நீண்டிருக்கட்டும். சுமத்ரா சூறைக்காற்று விடியற்காலையில் மழையைப் பக்கவாட்டில் அடிக்கும்போது அந்த நீட்டலின் அருமை தெரியும். தீவனத்தை அதிகாலையிலும் சாயங்காலமும் வையுங்கள். உச்சி வெயிலில் வயிறு நிறையத் தின்றால் செரிமானச் சூடும் சேர்ந்துகொள்ளும். ஒரு கோழி நாளுக்குக் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும், வெக்கை அதிகமான நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு.

தண்ணீர் என்றதும் டெங்கியைச் சொல்லாமல் இருக்க முடியாது. தண்ணீர்த் தட்டைத் தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். கூரைத் தண்ணீர் தேங்கும் மடிப்பு, கவிழ்க்காமல் கிடக்கும் வாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொசு தேடி வரும் சுற்றுப்புற வாரிய அதிகாரி பூச்சாடித் தட்டைப் பார்த்துவிட்டுக் கோழித் தட்டைப் பார்க்காமல் போவாரா? கோழிக்கு வரும் அம்மையையும் கொசுதான் பரப்புகிறது.

நாற்றத்தைப் பற்றி எழுதவில்லை நீங்கள், ஆனால் அக்கம்பக்கப் புகாரில் அதுவும் சத்தத்துக்குச் சளைத்ததில்லை. காய்ந்த எச்சம் அவ்வளவாக நாறாது, நனைந்ததுதான் நாறும். தரையில் நாலைந்து அங்குலத்துக்கு மரச்சீவலோ காய்ந்த இலையோ பரப்பி, கட்டைக்கு அடியில் விழும் எச்சத்தைத் தினமும் வாரி எடுத்துவிட்டால் ஈயும் அண்டாது. வாரியதைக் காய்ந்த இலையோடு சேர்த்து மூடிய தொட்டியில் இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டு அப்புறம் கறிவேப்பிலைக்குப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் வேர் கருகும். கழுவிய தண்ணீரை வெளி வடிகாலில் விடவே கூடாது. அந்த வடிகால் மழைத்தண்ணீருக்கானது, கடைசியில் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது.

பக்கத்து வீட்டுத் தம்பதிக்கு வருவோம். கூடு வருவதற்கு முன்னாலேயே அத்தையையும் அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். கூட்டை அவர்கள் படுக்கையறை இல்லாத பக்கம் வைக்கிறோம், சேவல் கிடையாது என்ற இரண்டு வாக்கும் கொடுங்கள். அவர்கள் வயதுக்காரர்களில் பலர் கம்பத்தில் கோழியோடு வளர்ந்தவர்கள். உங்கள் அத்தையைவிட அதிகமாக அவர்களே யோசனை சொல்ல ஆரம்பித்தாலும் ஆச்சரியமில்லை. சேவல் சத்தம் இந்த ஊரில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017ஆம் ஆண்டு சின் மிங் விவகாரம் போதும். அங்கே திரிந்த கோழிகள் சத்தம் போடுகின்றன என்று குடியிருப்பாளர்கள் இருபது பேர் புகார் செய்ய, 24 கோழிகள் கொல்லப்பட்டன. அப்புறம் எழுந்த கண்டனக் குரல் அந்தக் கோழிகள் போட்ட சத்தத்தைவிடப் பெரிது. பெட்டையும் முட்டையிட்டதும் கொக்கரிக்கும்தான். ஆனால் அது பெரும்பாலும் காலைப் பொழுதில், சில நிமிடம். முட்டையிடச் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாவிட்டால் குஞ்சு பொரியாது, அவ்வளவுதான்.

ஆக, குஞ்சு வேண்டாம். முட்டையிடத் தயாராக இருக்கும் விடைக்கோழியாக, பதினாறு வாரத்துக்கு மேற்பட்டதாக, உள்ளூரிலேயே, எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். மூன்று அல்லது நான்கு. ஒன்று மட்டும் வாங்கவே வாங்காதீர்கள், கோழி கூட்டத்தோடு வாழும் பிராணி. நான்கையும் ஒரே நாளில் வாங்குவது நல்லது. பின்னால் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தால் பழையவை அதைக் கொத்திக் குதறிவிடும். எந்த வகை என்றால், உடம்பு மெலிந்து கொண்டை பெரிதாக இருக்கிற வகை வெக்கை தாங்கும். கழுத்தில் இறகில்லாத வகை இன்னும் நன்றாகத் தாங்கும், பிள்ளைகளுக்குத்தான் பிடிக்காது. அவர்கள் கேட்கப்போவது பஞ்சுபோல் இருக்கும் சில்க்கி. சாதுவானதுதான். ஆனால் முட்டை குறைவு, அடிக்கடி அடைக்குப் படுக்கும், நனைந்தால் இறகு தண்ணீரை உதறாது. பாசிர் ரிஸ் பக்கம் சுற்றும் வெள்ளைக் காதும் சாம்பல் காலுமுள்ள காட்டுக்கோழியைப் பார்த்து யாருக்கும் ஆசை வர வேண்டாம். அது காட்டுயிர், பிடிப்பது குற்றம்.

செலவுக்குக் கட்டுமா? கட்டாது. முட்டைக்கென்றே உருவாக்கிய வகையில் ஒரு கோழி வருடத்துக்கு இருநூற்றைம்பதுக்கு மேல் இடும், நாட்டுக்கோழி நூறைத் தாண்டினாலே பெரிது. நான்கு கோழி மாதம் பதிமூன்று கிலோ தீவனம் தின்னும். அதோடு கூட்டுச் செலவு, மரச்சீவல், எப்போதாவது மருத்துவர் கட்டணம். பேரங்காடியில் மூன்று வெள்ளி சொச்சத்துக்குப் பத்து முட்டை கிடைக்கும் ஊரில் இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பதே மனநிம்மதி. அப்புறம், 2022 ஜூன் மாதம் மலேசியா நிறுத்தியது இறைச்சிக் கோழியை. அந்தத் தட்டுப்பாட்டை உங்கள் நான்கு முட்டைக்கோழி தீர்த்திருக்காது என்பதை அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆசைக்காக வளருங்கள், அது போதுமான காரணம்.

தீவனம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முட்டையிடும் கோழிக்கான தீவனம் என்று கேட்டு வாங்குங்கள், புரதம் பதினாறு முதல் பதினெட்டு விழுக்காடு இருக்கட்டும். தனியாக ஒரு கிண்ணத்தில் சிப்பித்தூள். கம்பு, குருணை, கீரை, மிஞ்சிய சோறு எல்லாம் சாயங்காலம் ஒரு கைப்பிடி, அதற்குமேல் வேண்டாம். குருணையிலேயே வளர்ந்த கோழியை அத்தை உதாரணம் காட்டுவார். அது மீதியைப் புழுவாகவும் பூச்சியாகவும் வெளியே தேடிக்கொண்டது. உப்புக் குழம்பு, அவகாடோ, வேகாத பயறு, பச்சை படிந்த உருளைக்கிழங்குத் தோல் ஆகாது. நம் ஈரப்பதத்தில் தீவனம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். இறுக மூடும் தகர டின்னில், ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி வையுங்கள்.

நோயைக் கோழி கடைசி நிமிடம் வரை மறைக்கும். எதிரியின் கண்ணில் படாமல் இருக்க அதற்கு வாய்த்த குணம் அது. அதனால் தினமும் இரண்டு நேரம் பாருங்கள். காலையில் எச்சம்: கெட்டியாக, மேலே வெள்ளை படிந்திருந்தால் சரி. இரத்தம் கலந்தோ பச்சைத் தண்ணீராகவோ இருந்தால் சரியில்லை. சாயங்காலம் கட்டையில் ஏறியபின் மார்புக்கு மேல் வலப்பக்கம், தின்றது முதலில் சேரும் இரைப்பையைத் தொட்டால், தின்ற கோழிக்கு மெத்தென்று நிறைந்திருக்கும். இரவு வெறுமையாக இருந்தால் அன்று அது சாப்பிடவில்லை. விடிந்தபின்னும் கல்லுப்போல் நிறைந்திருந்தால் அடைத்துக்கொண்டிருக்கிறது. இறகை உப்பிக்கொண்டு, வாலைத் தாழ்த்தி ஓரமாக நிற்கும் கோழியை உடனே பிரித்து வையுங்கள். முட்டையிட முக்கி முக்கி முடியாமல் நின்றால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் திடீரென்று செத்தால் கையால் தொடாமல் விலங்குநல மருத்துவச் சேவைக்குத் தகவல் கொடுங்கள். இங்கே எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. பார்ப்பவர் யார், ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா என்று கோழி வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செள்ளுக்கு அத்தையின் வைத்தியமே நல்லது. காய்ந்த மணலில் விறகுச் சாம்பலைக் கலந்து ஓர் அகலத் தொட்டியில் வைத்தால் கோழி புரண்டு தானே சுத்தம் செய்துகொள்ளும். அடைக்குப் படுத்த கோழியைத் தெளியவைக்க மூக்கில் இறகு செருகும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். பஞ்சு, வைக்கோல் எதுவும் இல்லாத கம்பித்தரைக் கூண்டில் தண்ணீரும் தீவனமும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் தெளிந்துவிடும்.

பிள்ளைகள் முட்டை எடுக்கட்டும், தீவனம் வைக்கட்டும். ஆரோக்கியமாகத் தெரியும் கோழியிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆகவே கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாய்ப்பக்கம் கொண்டுபோகக் கூடாது. நான்கு வயதுக்காரர் கூட்டுக்குள் தனியாகப் போக வேண்டாம், கோழிக்கு முத்தமும் வேண்டாம். கூட்டுக்கென்று ஒரு ஜோடிச் செருப்பைத் தனியாக வாசலில் வைத்துவிடுங்கள்.

பெயர் வைக்கும் முன் ஒரு விஷயம் பேசி முடிவெடுங்கள். நன்றாக முட்டையிடுவது முதல் இரண்டு மூன்று ஆண்டுதான், கோழி ஆறு முதல் எட்டு ஆண்டு வரை வாழும். மிச்ச வருடங்களிலும் தின்னும், எச்சமிடும், மருத்துவரிடம் வரும். முட்டை நின்ற கோழியைக் குழம்பு வைக்கலாம் என்று அத்தை நினைத்திருக்கலாம், பிள்ளைகள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டு தரப்பையும் இப்போதே உட்கார்த்தி வைத்துப் பேசுவது நல்லது. பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற யோசனை யாருக்கு வந்தாலும், வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் தம்பிக்கு: வீவக வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. இரண்டு என்றாலும் இல்லை, தாழ்வாரத்தில் வைத்தாலும் இல்லை. வாராவாரம் ஜாலான் காயுவுக்கு வந்து கூட்டைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, ஆறு முட்டை வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.